வலது லேன் என்பது சம்பந்தி வீடு

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் நின்றுபோனாள்.

என் கைபேசியில் பெங்களூரு நெடுஞ்சாலை ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது. அதன் மேல் சென்னையை நோக்கி எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த நீலப் புள்ளி, சுங்குவார்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் புள்ளிதான் கயல்விழி. வயது இருபத்து மூன்று. கார் ஓட்டக் கற்று நாலு மாதம். வேலை பார்க்கும் ஊருக்கு நெடுஞ்சாலையில் தனியாகப் போவது அன்றுதான் முதல் தடவை. போன் செய்தேன். மணி அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது.

நான் கணக்கு டீச்சர். எல்லாவற்றுக்கும் ஒரு விடை உண்டு என்று சொல்லியே இருபத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியவள். ஒன்பது தடவை போன் செய்தும் அன்றைக்கு விடை வரவில்லை. வீட்டுக்காரர் சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். இருக்கிற ஒரே காரை மகள் எடுத்துப் போயிருந்தாள். நான் வாசலுக்கும் தெருவுக்குமாக நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுப் பட்டுக்கடைக்காரர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "என் வண்டிய எடுத்துக்கினு போங்க டீச்சர். டிரைவரும் ரெடியா இருக்காரு" என்றார்.

டிரைவர் யாரென்று திரும்பிப் பார்த்தேன். லெஃப்ட்டு அண்ணன்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ஏனென்றால், இந்தப் பூமியில் சக்கரம் வைத்த எல்லாமே லெஃப்ட்டு அண்ணனை முந்தியிருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்த டிராக்டர் முந்தியிருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் ஜெனரேட்டர் வண்டி முந்தியிருக்கிறது. ஒருமுறை, பழுதாகிப்போன லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன இன்னொரு லாரி எங்களை முந்தியது. பின்னாலேயே, இழுபட்ட லாரியும் முந்தியது. அதன் டிரைவர் எங்களைப் பார்த்து ஆறுதலாகக் கையசைத்துவிட்டுப் போனார்.

அண்ணனுக்குச் சொந்தக் கார் கிடையாது. கார் இருந்தும் தூரம் ஓட்டப் பயப்படுகிறவர்கள் கூப்பிட்டால் வந்து ஓட்டிக் கொடுக்கும் ஆக்டிங் டிரைவர் அவர். சின்னக் காஞ்சிபுரத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த தெருவில், முக்கால்வாசிப் பேர் அப்படிப் பயப்படுகிறவர்கள்தான். அறுபதைத் தாண்ட மாட்டார், இடது லேனை விட்டு நகர மாட்டார் என்பதால் அந்தப் பெயர் வந்தது. நிஜப்பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. ஆறு மணி முகூர்த்தம் என்றால் அண்ணனிடம் நாலரை என்று சொல்வது தெரு வழக்கம். அவருக்கும் அது தெரியும். நாலரை என்றால் ஆறு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிதானமாக வந்து சேருவார்.

வலது லேனைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை பொறுக்க முடியாமல், ரைட்டில் காலியாகத்தானே இருக்கிறது, போனால் என்ன என்று கேட்டுவிட்டார். அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சார், அது சம்பந்தி வூடு மாதிரி. போனமா, வந்த காரியத்த முடிச்சமா, கெளம்புனமான்னு இருக்கணும். அங்கயே பாய் போட்டுப் படுத்துக்கினா மரியாத போயிடும்."

பின்னால் வந்து ஹாரன் அடித்துத் துரத்துகிறவர்கள் மேல் அவருக்குக் கோபமே வராது. அவர்கள் எல்லோருக்கும் ஏதோ உயிர்போகிற அவசரம் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். லைட்டை அடித்தபடி ஒருவன் பறந்தால், பாவம், பெண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கும் என்பார். அடுத்தவனுக்கு வேலை போகப் போகிறது என்பார். மூன்றாவது ஆளுக்கு வயிறு சரியில்லை. நெடுஞ்சாலையில் அண்ணனோடு ஒரு மணி நேரம் போனால் தமிழ்நாட்டில் ஆரோக்கியமான, நிம்மதியான மனிதன் ஒருவன்கூட இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டு, "போ ராஜா, போ" என்று ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி அனுப்பி வைப்பார்.

வைகாசித் திருவிழா பத்து நாளும் அண்ணன் யாருக்கும் கிடைக்க மாட்டார். பெருமாள் வாகனத்தைத் தோளில் சுமக்கிற ஆட்களில் அவரும் ஒருவர். வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்த்துப்போயிருக்கும். சுமக்கிறவர்கள் தோள் மாற்றும் முன் ஒருவர் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்த பிறகுதான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் சாமி சாய்ந்துவிடும் என்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே காருக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார். லேன் மாறுவதற்கு முன்னால் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு, "தோள் மாத்தறேன்" என்பார். காரில் இருக்கிற எல்லோரும் "மாத்து" என்று சொல்ல வேண்டும். திருப்பதிக்குப் போகும்போது என் தம்பி பின்சீட்டில் தூங்கிவிட்டான். அவன் ஒருவன் குரல் குறைந்ததால், முன்னால் போன வைக்கோல் லாரியை அண்ணன் முந்த மறுத்துவிட்டார். தம்பி விழித்துப் பார்த்தபோது எங்கள் எல்லோர் தலையிலும் வைக்கோல் இருந்தது.

இப்பேர்ப்பட்டவரோடுதான் அந்தச் சனிக்கிழமை என் மகளைத் தேடிக் கிளம்பினேன்.

கிளம்பும்போது அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன்ல மணி அடிக்கிதா டீச்சர்?"

"அடிக்கிதுண்ணா. எடுக்க மாட்டேங்கறா."

"அப்ப போன் நல்லா இருக்குது. போன் நல்லா இருந்தா பாப்பாவும் நல்லாத்தான் இருக்கும்."

இந்தத் தேற்றத்தில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? ஆனாலும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலை ஏறினோம். இடது லேன். அறுபது. எதிர்த்திசையில் பால் கேனோடு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்கு வழிவிட்டோம். கொய்யாப்பழ வண்டி நின்றது. நாங்களும் நின்றோம். என் மடியில் நீலப் புள்ளி நகராமல் கிடந்தது. இல்லாத ஆக்ஸிலரேட்டரை நான் கார்த் தரையில் மிதித்துக்கொண்டே இருந்தேன். அறுபதில் போனால் எத்தனை நிமிடம், எண்பதில் போனால் எத்தனை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அந்த வித்தியாசத்துக்குள் ஒரு பெண்ணுக்கு என்னென்ன ஆகலாம் என்றும் போட்டது.

"அண்ணா, இன்னிக்கி ஒரு நாள்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

அண்ணன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். இன்டிகேட்டரைப் போட்டார்.

"தோள் மாத்தறேன் டீச்சர்."

நான் இன்னும் மடியிலிருந்த புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். இன்னொரு தரம் சொன்னார். "மாத்துங்கண்ணா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

வலது லேனுக்குப் போனார். ஒரு லாரியை முந்தினார். திரும்பி வரவில்லை. இன்னொரு லாரி. எண்பது. ஒரு பஸ். தொண்ணூறு. எதிர்வீட்டுக்காரரின் காருக்கே அது புது அனுபவமாக இருந்திருக்கும், கதவுகளெல்லாம் கிடுகிடுவென்றன. சம்பந்தி வீட்டில் அண்ணன் பாய் போட்டுப் படுத்துவிட்டார்.

ராஜகுளம் தாண்டியதும் பின்னால் அது வந்தது. கறுப்பு நிறம், லாரிக்குத் தம்பி மாதிரி உயரம். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் நான் திரும்பிப் பார்த்து எண்ணிவிடலாம், அத்தனை நெருக்கம். லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. எங்கள் இடதுபுறம் ஒரு கன்டெய்னர் லாரி, தெரு நீளத்துக்கு. ஒதுங்க இடமில்லை. இதை எழுதும்போதும் என் முதுகில் அந்த வெளிச்சம் விழுகிறது. லாரியைத் தாண்டிய மறுநொடி அண்ணன் இடதுபக்கம் வந்துவிட்டார். கறுப்பு வண்டி எங்களைத் தாண்டி, குறுக்கே சாய்ந்து, எங்களை ஓரம் கட்டி நிறுத்தியது.

முப்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாத வார்த்தைகள் இரண்டும், அச்சிட்டாலும் எனக்குப் பொருள் தெரியாத வார்த்தை ஒன்றும் சொன்னார். அண்ணன் கீழே இறங்கிக் கைகூப்பினார்.

"தப்பு எங்க மேலதான்பா. ரைட்ல ரொம்ப நேரம் இருந்துட்டேன். இவங்க பொண்ணு தனியா கார் எடுத்துக்கினு போச்சு. சுங்குவார்சத்திரம் தாண்டி எங்கயோ நிக்கிது. போன் எடுக்கல. எனக்கு இதுக்கு மேல ஓட்ட வராது. நீ நல்லா வேகமா போற. முன்னாடி போயி பாத்து சொல்றியா?"

அந்த இளைஞர் ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். சண்டைக்கென்று கொண்டு வந்த முகம் இன்னும் அப்படியே இருந்தது, அதற்குள்ளிருந்து வேறு யாரோ பேசுவது போல், "எந்த... எந்த கலர் கார்?" என்று கேட்டார்.

கறுப்பு வண்டியின் பின்கதவு திறந்தது. என் வயது அம்மாள் ஒருவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் நம்பரைத் தம் போனில் ஏற்றிக்கொண்டார், கார் நம்பரை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்தார்.

"அழாதீங்கமா. இவன் வண்டியில நான் வருசக்கணக்கா கண்ண மூடிக்கினுதான் வர்றேன். இன்னிக்கித்தான் இவன் வேகத்துக்கு ஒரு பிரயோஜனம் வந்திருக்குது" என்றார். பிறகு மகனிடம், "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஏறு" என்றார்.

கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு முரடனுக்கு என் மகள் தனியாக நிற்கும் இடத்தையும் கார் நம்பரையும் நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். "இன்னாண்ணா இப்பிடிப் பண்ணிட்டீங்க" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடி அறுபதுக்கு வந்திருந்தார். கூட அம்மா இருக்கிறார்களே என்று மட்டும் சொன்னார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் பிரசவம்கூட அத்தனை நேரம் நடந்ததாக ஞாபகமில்லை.

போன் அடித்தது. அந்த அம்மாள்.

"கண்டுபுடிச்சிட்டோம்மா. பொண்ணு நல்லா இருக்குது. வண்டியில ஒரு கீறல் இல்ல. டீக்கடையில உக்காந்துக்கினு இருக்குது. அழுவுது, அழுவட்டும், நான் பக்கத்துலயே இருக்கறேன். நீங்க மெதுவா வாங்க."

லெஃப்ட்டு அண்ணனோடு வருகிற ஒருத்தியிடம் மெதுவாக வா என்று சொன்ன ஒரே மனுஷி அவர்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. கயல் டீக்கடை பெஞ்சில் அந்த அம்மாள் தோளில் சாய்ந்திருந்தாள். ஒரு பஸ் அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, லைட்டை அடித்து அடித்து, ஒதுங்கவும் இடமில்லாமல் வெகுதூரம் துரத்தியிருக்கிறது. இடம் கிடைத்ததும் ஓரமாக வந்து நிறுத்திவிட்டு இறங்கியவள் டீக்கடை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. போன் காரிலேயே இருந்தது. இதை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கறுப்பு வண்டி இளைஞர் தமது டீ கிளாஸுக்குள் எதையோ தொலைத்துவிட்டவர் போல் குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை.

கயல் கார் சாவியை என்னிடம் நீட்டினாள். "என்னால முடியாதும்மா. இனிமே ஓட்டவே மாட்டேன். வண்டிய வீட்டுக்கு எடுத்துக்கினு போயிடுங்க. நான் பஸ்ல போயிக்கறேன்."

நான் சட்டென்று சாவியை வாங்கிக்கொண்டேன். மறைப்பானேன், எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். இனி எந்தப் புள்ளியையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். இனி அவள் எங்கேயும் தனியாகப் போக வேண்டாம். அவள் குனிந்து தன் காலி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

எல்லோருக்கும் கடைசியாக லெஃப்ட்டு அண்ணன் வந்தார். டீக்கடைக்கு எதிரே காரை முன்னும் பின்னும் நகர்த்தி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தி, நாலு கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, அவருடைய வேகத்தில் நடந்து வந்தார். என் கையிலிருந்த சாவியைக் கேட்காமலே எடுத்தார். எங்கள் தெருவில் யாரும் அவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. இன்றைக்கு என் மகள் வாரம் தவறாமல் தானே கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள் என்றால், அது சாவியை அவள் கையில் திருப்பி வைத்துவிட்டு அந்த மனிதர் சொன்னதால்தான்:

"பயம் வந்ததும் ஓரமா வந்து நின்ன பாரு, அதான் சரியா ஓட்டறது. வண்டிய எடும்மா. நீ தங்கற ஊட்டு வாசல் வரிக்கும் நான் பின்னாடியே வர்றேன். எவன் லைட்டு அடிச்சாலும் மொதல்ல என் முதுவுலதான் படும்."