ஆறாவது ஸ்க்ரூ

"கீ...ங்!"

மூன்றாவது முறையாகக் கத்தியது மெட்டல் டிடெக்டர். மூன்று முறையும் ஒரே இடம்தான். இடது கால், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.

"அங்க என்ன சார் வச்சிருக்கீங்க?" என்றார் வாசல் காவலர்.

"நான் வைக்கலை, எனக்கு வச்சது. சின்ன வயசுல கால் உடைஞ்சப்போ எலும்பு மேல பிளேட் வச்சாங்க."

"சரி, அதைக் கழட்டி வெளியில வச்சுட்டு வாங்க."

காவலர் கேலி செய்யவில்லை. கையிலிருந்த பட்டியலைப் புரட்டி, 'உலோகப் பொருள் எதற்கும் அனுமதி இல்லை' என்ற வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அதில் எலும்புக்கு விலக்கு ஒன்றும் இல்லை.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர். மார்பில் குழாய் இறக்கி உயிரைப் பிடித்து நிறுத்தியவன். மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு என்று வந்ததும், நேற்றுதான் ஜாமீனில் வந்தவனைப்போல் நிற்க வைத்திருக்கிறார்கள். பெல்ட்டை வாங்கிவிட்டார்கள். ஷூவைக் கழற்றச் சொல்லி ரப்பர் செருப்பு போட வைத்தார்கள். முழுக்கைச் சட்டையை முழங்கையோடு கத்தரித்தும் விட்டார்கள். இடது கையால் பேன்ட்டைப் பிடித்தபடி, வலது கையில் ஹால் டிக்கெட்டோடு நின்றான்.

மணி எட்டு ஐந்து. எட்டரைக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள்.

அந்தப் பிளேட்டின் புண்ணியத்தில் கல்லூரியில் அவன் பெயரே 'பிளேட்டு' ஆகிவிட்டது. அவனுக்கு அதில் பெருமைதான். பதினோரு வயதில் மதிலிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, கறுகறுவென்று மீசை வைத்த ஒரு டாக்டர், "கவலைப்படாத, நீ ஓடுவே" என்றார். ஓடினான். அன்றைக்கே முடிவு செய்தான், ஆகிறதென்றால் எலும்பு டாக்டர்தான் ஆவது என்று. போன வருடம் மூன்று மார்க்கில் எலும்பு சீட்டு கைநழுவியது. இது நாலாவது தடவை. இதுவும் போனால் இனி எழுதுவதில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். அந்த அக்காதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நம்பலைன்னா இதைப் பாருங்க!" பேன்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டினான்.

காவலர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சார், தோலைக் கிழிச்சு உள்ள ஏதோ வச்சுத் தச்ச மாதிரி இருக்கே?"

"அதைத்தானேய்யா நானும் சொல்றேன்!"

"போன வாரம் பேப்பர்ல வந்துச்சு. ஒருத்தன் காதுக்குள்ள மெஷின் வச்சுக் காப்பி அடிச்சானாம். நீங்க காலுக்குள்ள வச்சிருக்கீங்களா?"

"காலால எப்படிய்யா பதில் கேக்கிறது?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார் காவலர்.

விசிலுக்குக் கண்காணிப்பு அதிகாரி வந்தார். கழுத்தில் அட்டை, கையில் பைல், முகத்தில் தூக்கமின்மை. கதையைக் கேட்டார்.

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"நானே டாக்டர்தான் சார்."

"உங்களுக்கு நீங்களே குடுத்துக்க முடியாது. வேற டாக்டர் வேணும்."

பிளேட்டு திரும்பிப் பார்த்தான். வரிசையில் நானூறு பேர் நின்றார்கள். நானூறு பேரும் டாக்டர்கள். அந்த ஊரிலேயே அவ்வளவு டாக்டர்கள் வேறெங்கும் சேர்ந்து நின்றிருக்க மாட்டார்கள்.

"யாராவது ஒருத்தர் ஒரு வரி எழுதிக் குடுங்கப்பா!"

பாவம், நல்லவர்கள்தான். ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். ஆனால் ஒருவரிடமும் பேனா இல்லை. பேனாவும் தடை, தாளும் தடை.

"சார், உங்க பேனாவைக் குடுங்க" என்றான் அதிகாரியிடம்.

"பரீட்சை எழுதுறவங்ககிட்ட நான் எழுதுபொருள் குடுத்தா என் வேலை போயிடும்."

அதற்குள் வந்தவர்கள் காலை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இது பிளேட் இல்லப்பா, ராடு."

"யார் சொன்னா? பிளேட்தான். ஆனா கொஞ்சம் கோணலா உக்காந்திருக்கு."

"அதை விடு. யாருய்யா இந்தத் தையல் போட்டது? கோணி ஊசியால தச்ச மாதிரி இருக்கு!"

பிளேட்டுக்கு ரத்தம் கொதித்தது. "வாயை அளந்து பேசு! அவர் கைராசிக்காரர். அவர் இல்லைன்னா நான் இன்னிக்குக் கோல் ஊன்றிக்கிட்டு வந்திருப்பேன். அவர் கால் தூசிக்கு நீ ஆவியா?"

"ஏன் சார் கோவப்படறீங்க? தழும்பைத்தானே சொன்னேன்" என்று முனகிக்கொண்டே அந்த டாக்டர் வரிசைக்குத் திரும்பினார். மற்றவர்களும் போய்விட்டார்கள். இருந்த சாட்சிகளையும் வாயால் கெடுத்துக்கொண்டாயிற்று.

அதிகாரி பைலைப் புரட்டியவர், "அவங்க எழுதினாலும் செல்லாது" என்றார். "எலும்பு ஸ்பெஷலிஸ்ட்தான் உறுதி செய்யணும்னு போட்டிருக்கு."

"சார், எலும்பு ஸ்பெஷலிஸ்ட் ஆனவன் எதுக்கு சார் இந்த வரிசையில வந்து நிக்கப்போறான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? விதியைச் சொன்னேன்."

மணி எட்டு இருபது.

"டேய் தம்பி! இங்க வாடா!" வேலியிலிருந்து அக்கா கத்தினாள். "அம்மாகிட்ட சொல்லி உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்திடுச்சு! டாக்டர் கையெழுத்தோட இருக்கு, காட்டு!"

அவன் ஓடினான். அக்கா கம்பி இடுக்கில் போனை நீட்ட, அவன் வாங்க, பின்னால் விசில் காது கிழிய அலறியது.

"பரீட்சை எழுதுறவர் கையில போன்!"

"சார், இது என் காலோட சீட்டு சார்!"

அதிகாரி போனைப் பிடுங்கினார். திரையைப் பெரிதாக்கினார், சாய்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"இது கையெழுத்தா, ஈசிஜியா? ஒரு எழுத்துகூடப் புரியலை. முறைகேடுன்னு எழுதப்போறேன். மூணு வருஷம் பரீட்சைப் பக்கமே வர முடியாது."

"என்னது, மூணு வருஷமா?" அக்கா வேலியைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்யா, அவன் காலை அறுத்து உள்ள பார்த்தாத்தான் விடுவீங்களா? ரா முழுக்கக் கண் முழிச்சு உங்க அம்மா அப்பாவுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன்யா அவன்! அவனைப் போய்த் திருடன்கிறீங்க!"

"அம்மா, நீங்க அமைதியா இல்லைன்னா உங்க பேரையும் சேர்த்து எழுதுவேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அந்தக் காலை இப்படிக் காட்டு தம்பி."

குரல் வந்த பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். வாசலுக்கு உள்பக்கம், காவலரின் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தும்பைப்பூபோல் நரைத்த தலை, அதேபோல் நரைத்த மீசை, கஞ்சி போட்டுத் தேய்த்த அரைக்கைச் சட்டை. காலையில் முதல் ஆளாக அவர் வந்தபோது காவலர் சல்யூட் அடித்து, சோதனை கீதனை ஒன்றும் இல்லாமல், தன் நாற்காலியையே கொடுத்திருந்தார். மேலிடத்துப் பார்வையாளராகத்தான் இருக்க வேண்டும். அவரும் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். பெரிய மனிதர்களின் எளிமையே தனி.

பெரியவர் தழும்பின்மேல் விரலை ஓட்டினார்.

"மதிலேர்ந்து விழுந்த பையன்தானே நீ?"

பிளேட்டு அவர் மீசையை உற்றுப் பார்த்தான்.

"உள்ள ஆறு ஓட்டை பிளேட். அஞ்சு ஸ்க்ரூதான் இருக்கும். ஆறாவது அன்னிக்குக் கிடைக்கலை. நான்தான் வச்சேன்." போனை எட்டிப் பார்த்தார். "கையெழுத்தும் என்னுதுதான்."

"ஐயா!" பிளேட்டு சடாரென்று அவர் காலில் விழுந்தான். பேன்ட்டைப் பிடித்திருந்த கையும் சேர்ந்து விழுந்ததில் மானம் மயிரிழையில் தப்பியது. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "பத்தொன்பது வருஷமா உங்களை நினைக்காத நாள் இல்லைங்கய்யா. உங்களை மாதிரி ஆகணும்னுதான் இந்தப் பரீட்சையே எழுதுறேன்!"

பெரியவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி இடுப்பை வளைத்து, "மன்னிக்கணும் சார், நீங்க இங்க இருக்கீங்கன்னு முன்னாடியே தெரியாம போச்சு" என்று குழைந்தார். பைலில், 'எலும்பு சிகிச்சை நிபுணர் நேரில் பார்த்து உறுதி செய்தார்' என்று எழுதி நீட்டினார். பெரியவர் தயங்கித் தயங்கி ஒரு ஈசிஜி போட்டார். போன் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. வாசலைச் சாத்துவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பிளேட்டு உள்ளே ஓடினான்.

நூற்றுப் பதினேழாம் எண் இருக்கை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த வருடம் எலும்பு சீட்டு கிடைக்காமல் போகாது. குருவே நேரில் வந்து வழி திறந்துவிட்டாரே!

பெரியவர் மெல்ல உள்ளே வந்தார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அவன் அருகில் நின்றார். பிளேட்டு மரியாதையாக எழுந்தான்.

அவர் நூற்றுப் பதினெட்டாம் எண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஹால் டிக்கெட்டை எடுத்து நீவினார்.

"ஐயா... நீங்க... எலும்பு டாக்டர்..."

"ஆகணும்னுதான் தம்பி, இருபதாவது தடவையா எழுதுறேன்" என்றார் பெரியவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "அன்னிக்குப் பெரிய டாக்டர் லீவு, நான்தான் டியூட்டி. நம்ம பையன்கிறதால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பிளேட் எப்படி வைக்கணும்னு கேள்வி வந்தா, உன் கால்ல இருக்கற மாதிரி மட்டும் எழுதிடாத. முதல் தடவை நான் அப்படித்தான் எழுதினேன். மைனஸ் மார்க் போட்டுட்டாங்க."