சுண்ணாம்பு குடித்த அசேலியா

அன்புள்ள மச்சானுக்கு, உன் அத்தான் சொல்லி, மருமகள் எழுதுவது. எனக்கு எழுத்து தெரியாததால் இவள் தன் சரக்கு எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை. இங்கு அனைவரும் நலம், செடிகளைத் தவிர.

ஆற்றுப்பாலம் இடிந்து பஸ்ஸெல்லாம் சுற்றிப் போன வருஷம், உன் மகன் பல் முளைத்துக் கண்டவரையெல்லாம் கடித்த வருஷம், அப்போதுதானே உன் அக்கா பின்சுவரோரம் வரிசையாக அசேலியாப் பூச்செடிகள் வைத்தாள்? நர்சரிக்காரர் வேரை ஆழமாகப் புதைக்காதே என்றார், கொத்தனார் சுற்றிக் கல் பதித்தார், நீ குழி தோண்டினாய், நான் டீ வாங்கி வந்தேன். அவள் கண்மூடிய அன்று எல்லார் முன்னாலும், "அக்கா செடி ஒண்ணு வாடினாலும் வேரோட பேத்து வண்டியில ஏத்திட்டுப் போயிடுவேன் அத்தான்" என்றாயே, மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வராதே.

நீ வரும்போது பூ எடுப்பாகத் தெரியட்டும் என்றுதான் பின்சுவருக்கு வெள்ளையடித்தேன். நல்ல கெட்டிச் சுண்ணாம்பு. அன்றைக்கே பிடித்த மழை, சுவரில் இருந்ததையெல்லாம் வழித்துச் செடிகளின் காலடியில் ஊற்றிவிட்டது. வருஷம் முழுக்கப் பச்சை மாறாத செடிக்குக் காமாலை கண்டாற்போல் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மருமகள் போனைப் பார்த்து, "இதுக்குப் புளிப்பு மண்ணுதான் ஆகும் மாமா, சுண்ணாம்பு விஷம்" என்கிறாள், அடித்து முடித்த பிறகு! புளிப்புதானே என்று வினிகர் பாட்டிலைக் கவிழ்த்தேன், மிச்சமிருந்த பச்சையும் கருகியது. (இங்கே மருமகள் சிரித்தாள். எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.) எதிர்வீட்டு டெய்லர், "காய்ஞ்சதை வெட்டிவிட்டாத் துளிர்க்கும்ணே" என்று துணிக் கத்தரியோடு இறங்கினான்.

"என்னப்பா, உருண்டை உருண்டையா விழுது?"

"மொட்டுண்ணே."

"தெரிஞ்சா வெட்டுற?"

"ரெண்டு பக்கமும் சமமா வர வேணாமா?"

ஆகவே வராதே. எனக்கு இருமல், ரோடு தோண்டிக் கிடக்கிறது, வீட்டில் ஆளில்லை. பிடித்த காரணத்தை வைத்துக்கொள். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல், பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் போய்ப் பார்த்தேன். இதுவரை தப்பியிருந்த, உன் அக்கா முதலில் வைத்த மூலைச்செடியும் மஞ்சளாகிவிட்டது. மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிடு. ஞாயிறு வரைக்கும் காத்திராதே, மண்வெட்டி, சாக்கு, வண்டியோடு உடனே வா. உன் வீட்டு மண்ணிலாவது பிழைக்கட்டும். வேறு யாரைக் கேட்பேன்? அவள் இல்லை, நர்சரிக்காரர் இல்லை, கொத்தனாரும் போன மழைக்காலத்தோடு போய்விட்டார். டீ வாங்கப் போனவனுக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அந்த மண்ணில் கை வைத்தவர்களில் மிச்சம் நீ ஒருத்தன்தான், மச்சான்.