எறும்பு ஏறும் மட்கார்டு

சென்னையிலிருந்து வந்த மதிப்பீட்டாளரே, நீங்கள் எழுதியது பொய். பழைய கார் கண்காட்சி மலரில் ஒரு மட்கார்டைப் பக்கம் முழுக்கப் படமாகப் போட்டு, அதன் கீழே 'இங்கிலாந்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, பிறகு எந்தக் கையும் பட்டதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கை பட்டது. யாருடைய கை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. அப்போது நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் கள்ளக்குறிச்சியில் பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர். முப்பது வருஷத் தொழில். இந்தத் தொழிலில் நான் சொல்லாத பொய் கிடையாது. அதனால் அடுத்தவன் சொல்லும் பொய் எனக்குத் தூரத்திலேயே தெரியும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் காந்தம். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை. இரும்பைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. யார் ஆட்சி நடக்கிறது என்று கேட்டால் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரரைக் கேட்டுச் சொல்வார். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கடையில் மட்டும்தான் தெரியும்.

சேலம் ரோட்டில் தகரக் கதவு போட்ட பட்டறை. டிங்கர் வேலை, அதாவது நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்தும் வேலை. ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு வளையக் காந்தத்தைப் பனியன் துணியில் சுற்றி அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். அவர் காந்தத்தை வண்டியின் உடம்பில் வைத்து வைத்து எடுப்பார். இரும்பு என்றால் கவ்வும். ஓட்டை, பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் கையில் விழும். அதற்குமேல் மிஷின் எதுவும் கிடையாது. கூலியும் கிடையாது, ஒரு டீதான்.

தீர்ப்பு மூன்றே வகை. கம்பெனியிலிருந்து வந்த தகடு என்றால் 'பெத்தது' என்பார். வேறொரு தகட்டை வைத்து ஒழுங்காகப் பற்றவைத்திருந்தால் 'எடுத்து வளத்தது'. பட்டி என்றால் 'வேஷம்'. இந்த மூன்று சொல்லால் நான் இழந்த வியாபாரத்தை வைத்து ஒரு பஸ் கம்பெனியே நடத்தியிருக்கலாம்.

ஒருமுறை ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவருக்கு ஒரு வெள்ளை வேனைக் கிட்டத்தட்ட விற்றுவிட்டேன். நல்ல வேன். பெயிண்ட் அப்படிப் பளபளத்தது. காந்தம் வந்தார். கதவில் வைத்தார், விழுந்தது. பின்பக்கம் வைத்தார், விழுந்தது. மேற்கூரை வரைக்கும் ஏறி வைத்தார், அங்கேயும் விழுந்தது. இறங்கி வந்து டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இது வேன் இல்லப்பா, வெறும் பட்டி. உள்ள எங்கியாவது ஒரு வேன் இர்க்கலாம்."

ரிஷிவந்தியத்துக்காரர் அப்படியே பஸ் ஏறிவிட்டார். நான் இரண்டு வருஷம் காந்தத்தோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வண்டியோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவருடைய தங்கை மகள் கல்யாணத்தில் சீர் வரிசையாக வைத்திருந்த பீரோவை, மேளம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சோதித்துவிட்டார். பின்பக்கம் காந்தம் விழுந்தது. 'வேஷம்' என்று சபைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். வாங்கிக் கொடுத்தது அவரேதான். அன்றைக்குப் பந்தி முடிந்து வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது. சம்பந்தி வீட்டார் பூட்டிய பெட்டிகளோடு மறுநாள் மதியம் வரை காத்திருந்தார்கள்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

தியாகதுருகத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவருடைய அப்பா பெரிய விவசாயி, சொந்தமாகக் கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சியவர். அவர் ஒரு இங்கிலீஷ் கார் வைத்திருந்தார். ஏறுவதற்கு இரண்டு பக்கமும் படிப்பலகை. முன்னால் கம்பி செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். திரும்பும்போது திசை காட்டப் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னத் தகட்டுக் கை நீளும். சக்கரத்துக்கு மேலே வளைந்து இறங்கும் மட்கார்டைப் பார்த்தால் யானை தும்பிக்கையைத் தொங்கவிட்டது போல இருக்கும். அப்பா போன பிறகு கார் கொட்டகையில் கிடந்தது. வாத்தியாருக்கு வீடு ஒழுகியது, எடுத்துக் கட்ட வேண்டும். என்னிடம் சொன்னார். நான் கோயம்புத்தூரில் ஒரு ஆளைப் பிடித்தேன். எல்லாம் ஒரிஜினலாக இருந்தால் கேட்ட விலை, ஏதாவது மாற்றியிருந்தால் பாதிதான் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரிஜினலா என்று பார்த்துச் சொல்லத்தான் நீங்கள் அவரோடு வந்தீர்கள், மதிப்பீட்டாளரே.

கூடவே காந்தமும் வந்தார். நான் கூப்பிடவில்லை. எனக்கென்ன பைத்தியமா? வாத்தியார்தான் கூப்பிட்டார். காந்தம் பார்க்காமல் விற்றால் ஏதோ மறைத்து விற்றுவிட்டார் என்று ஊர் பேசும் என்றார்.

நீங்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டீர்கள். கம்பி நுனியில் கண்ணாடி கட்டி அடியில் விட்டுப் பார்த்தீர்கள். பெயிண்டின் கனத்தை அளக்கும் ஒரு மிஷினை வைத்துக் கீக் கீக் என்று அடிக்கவைத்தீர்கள். காந்தம் அந்த மிஷினை ஒரு தடவை பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வேலையைத் தொடங்கினார். நீங்கள் ஒரு பக்கமாகவும் அவர் மறுபக்கமாகவும் சுற்றி வந்தீர்கள். பின் கதவு 'பெத்தது', மேற்கூரை 'பெத்தது', படிப்பலகை 'பெத்தது'. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

இடது பக்க முன் மட்கார்டில் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டீர்கள். அதன் விளிம்பில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. வாங்க வந்தவரிடம் வாத்தியார் அதைப் பெருமையாகக் காட்டினார். இந்த ஒரு பக்கம் மட்டும்தான் எறும்பு ஏறும், மகாலட்சுமி வருகிறாள் என்று அம்மா கடைசி வரைக்கும் பச்சரிசி மாவு தூவினார் என்றார். நீங்கள் அதைக் காதில் வாங்காமல் மட்கார்டைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள்.

"சார், இந்த வளைவைப் பாருங்க. தகடு அழுத்தற பிரஸ்ல ஒரே அடியில வந்தது. கையால இதைச் செய்யவே முடியாது. வலது பக்கத்துலதான் எனக்குச் சந்தேகம், அங்க ஏதோ லேசாத் தட்டியிருக்காங்க" என்றீர்கள்.

காந்தம் டீ கேட்டார். டீ கேட்டால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். டீ வந்ததும் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"வலது பக்கம் பெத்தது. இது எடுத்து வளத்தது."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு மிதிக்கிற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, உங்கப்பா வெள்ளிமலை போறப்ப வளைவுல பாறையில இடிச்சிக்கினு வந்தாரு. நீங்க அப்ப காலேஜில இர்ந்தீங்க. மட்கார்டு கீய்ஞ்சி பள்ளத்துல போயிடிச்சி. மெட்ராஸ் பூரா தேடனாரு, கெடைக்கல. உங்க ஆலையில வெல்லம் காய்ச்சற ஓட்ட இரும்புக் கொப்பர ஒண்ணு கெடந்துது. அத வெட்டி, புளியங்கட்டை மேல மணல்மூட்டையப் போட்டு, பதினேழு நாளு தட்டனன். நாந்தான் வளத்தன்."

அப்பா ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார். இங்கிலீஷ் காருக்கு வெல்லக் கொப்பரை போட்டேன் என்று எந்தப் பெரிய மனுஷன் வெளியே சொல்வான் என்றார் காந்தம். நீங்கள் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றார் வாத்தியார். வண்டி இப்போதுதானே விலைக்கு வந்திருக்கிறது என்றார் காந்தம்.

நீங்கள் சிரித்தீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இது கொப்பரையில வர்ற வேலை இல்ல. இடதுதான் இருக்கறதுலேயே கச்சிதம். அதனாலதான் இது கம்பெனி வேலைன்னு சொல்றேன்."

"அதத்தான் நானும் சொல்றன். வலது பக்கம் வெள்ளக்காரன் செஞ்சது, கொஞ்சம் கோணல். இடது நான் செஞ்சது."

அடியில் பூசிய தாரை ஒரு விரல் அகலம் சுரண்டினால் கொப்பரைக்குக் கைப்பிடி வைத்திருந்த மூன்று ஓட்டையை அடைத்தது தெரியும் என்றார். சுரண்டினால் ஒரிஜினல் கெட்டுவிடும் என்றீர்கள். அவர் எறும்பு வரிசையைக் காட்டினார்.

"அப்ப இதப் பாரு. விளிம்பு சுருட்டி இர்க்குதே, அது கொப்பரையோட விளிம்பு. நல்லா இர்ந்துதுனு நெருப்பு காட்டாம அப்படியே வுட்டுட்டன். சுருட்டுக்குள்ள பழைய பாகு இர்க்குது. எறும்பு மகாலட்சுமியப் பாக்க வர்ல, வெல்லத்துக்கு வருது."

எந்தக் கொட்டகையில்தான் எறும்பு இல்லை என்றீர்கள். வாத்தியார் ஒழுகுகிற வீட்டைக்கூட நினைக்கவில்லை. காந்தம் சொன்னால் அது அப்படித்தான், விலையைக் குறைத்துப் போடுங்கள் என்று வாங்க வந்தவரிடம் சொன்னார். வாங்க வந்தவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உள்ளூர்க்காரர் நீங்கள் சொல்லுங்கள், இவர் பேச்சை நம்பலாமா என்று கேட்டீர்கள்.

எனக்குக் காந்தத்தைத் தெரியும். அவர் வாயிலிருந்து வந்த ஒரு தீர்ப்புகூட இதுவரை தப்பியதில்லை என்று தெரியும். தப்பியிருந்தால் நான் இன்றைக்குப் பணக்காரன். ஆனால் கமிஷன் கண்ணை மறைத்தது. நான் சொன்னேன்:

"வயசாயிடுச்சி சார். ஏதோ பேசறாரு."

காந்தம் என்னைத் திட்டவில்லை. குடிக்காத டீயைப் படிப்பலகை மேல் வைத்துவிட்டு நடந்துவிட்டார். கார் முழு விலைக்குப் போனது. தன் வேலையைப் பற்றி ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லி, வேலை ரொம்ப நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவனைப் பொய்யனாக்கியது உலகத்திலேயே அந்தக் கொட்டகையில் மட்டும்தான் நடந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். பைக்கில் ஏறச் சொன்னேன். முதலில் ஏறவில்லை, கள்ளக்குறிச்சி பஸ் வரவில்லை என்றதும் ஏறினார். பாதி வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, நேர்மையில் சொன்னீர்களா பெருமைக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"ரெண்டும் வேறயா?" என்றார். ஊர் வந்து இறங்கும்போது இன்னும் கொஞ்சம் சொன்னார். "அவன் என்னப் பொய்யன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். எம்புள்ளய இன்னொருத்தன் பேருல எழுதிக்கினு போறான் பாரு, அதான்."

போன மாதம் கண்காட்சி மலரை வாத்தியார் கொண்டுவந்து கொடுத்தார். மாறாத தன்மைக்கு முதல் பரிசு அந்தக் காருக்கு. காரணம் அந்த இடது மட்கார்டு. நான் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தகடு வெட்டும் கத்திரியால் மட்கார்டை மட்டும் வெட்டி எடுத்தார். ஓரத்தில் போட்டிருந்த உங்கள் முகப் படமும் எழுத்தும் கீழே விழுந்தன. ஆணி தேடினார், பசை தேடினார், எதுவும் கிடைக்கவில்லை. அரைஞாணிலிருந்து காந்தத்தை அவிழ்த்து, படத்தைத் தகரக் கதவில் வைத்து, அதன்மேல் காந்தத்தை வைத்தார். அந்தக் காந்தம் அவர் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் சிக்கல் வந்துவிட்டது. கருணாபுரத்து ஆட்டோக்காரர் ஒருவர் பழைய ஆட்டோ வாங்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லச் சொல்லி வந்திருந்தார். காந்தத்தை எடுத்தால் படம் விழுகிறது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"நான் போயிட்டு வர்ற வரைக்கும் இதப் புடிச்சிக்கினு இரு. கசக்கிடாத."

நான் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம். போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் இது யார் செய்தது என்று சொன்னேன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். கை வலிக்கவில்லை.

அதனால், அவர் பேச்சை நம்பலாமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதிலை முதலில் நானே எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிடுகிறேன். அன்றைக்கு 'வயசாயிடுச்சி' என்று நான் சொன்னது பொய். கமிஷனுக்காகச் சொன்ன பொய். காந்தத்துக்குப் புத்தி எங்கேயும் போகவில்லை.

இனி உங்கள் முறை, மதிப்பீட்டாளரே. எதையும் சுரண்ட வேண்டாம். பரிசு வாங்கிய அந்தக் காரை ஒரே ஒரு நாள் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள். எறும்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று படம் எடுங்கள். அந்தப் படத்தை, நான் இதை எழுதும் இதே பத்திரிகையில் போட்டு, கீழே உங்கள் கையாலேயே எழுதுங்கள்: அந்த மட்கார்டை வளர்த்தது யார்?

அவர் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் ரேஷன் கடையில் நான் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை, அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் படத்தை நான் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.