இன்னொரு இடத்திலும் விசாரிப்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. சாப்பாட்டுக் கடையில் தட்டு மேசைக்கு வந்து, ஒரு வாய் உள்ளே போன பிறகும், எதிர்க்கடையின் விலைப்பலகையை எட்டிப் பார்க்கும் வகை. இதன் முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைக் காண விரும்பினால் நைரோபிக்கு வந்து, பழைய கார் வைத்திருக்கும் ஒருவரிடம், "முன்சக்கரத்துல ஏதோ டொக் டொக்னு கேக்குதே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மற்றவர்கள் காரைப் பழுது பார்ப்பார்கள். இவர் விலையைப் பழுது பார்க்கக் கிளம்பிவிடுவார்.

முச்சிரி அப்படிக் கிளம்பியவர்தான். அவர் மகன் கிதின்ஜிக்குப் பெண் முடிவாகியிருந்தது. நியேரி மலைப்பக்கம் பெண்ணின் ஊர். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் எத்தனை ஆடு தர வேண்டும் என்று இரு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசும் நாள் சனிக்கிழமை. அதற்குள் காரைச் சரிசெய்ய வேண்டும். குடும்பத்தார் அத்தனை பேரும் அதில்தான் போக வேண்டும். தாமதமாகப் போனால் பெண் வீட்டு வாசலிலேயே அபராதம் போடுவார்கள். ரொம்பத் தாமதமானால் பேச்சே இன்னொரு நாளைக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

முதலில் கம்பெனி டீலரிடம் போனார். அங்கே தரையில் முகம் பார்க்கலாம். காப்பி இலவசம், இரண்டு கோப்பை குடித்தார், அதையும் மனதுக்குள் விலையில் கழித்துக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண் புன்னகை மாறாமல் ஒரு தொகை சொன்னாள். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், புஷ் எல்லாம் இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டுமாம். தொட்டுப் பார்க்கவே தனிக் கட்டணமாம். சத்தம் ஒரு பக்கம்தானே என்று முச்சிரி கேட்டதற்கு, மறுபக்கமும் சீக்கிரம் கேட்கும் சார் என்றாள். பாவம், தீர்க்கதரிசி.

அடுத்து, தொழிற்பேட்டையில் மரத்தடியில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒதெரோ. காருக்கு அடியில் படுத்து, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பிப் பார்த்து, இடது பக்கத்தில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்டும் ரப்பர் புஷ்ஷும்தான் போயிருக்கின்றன, சாமான் வாங்கி வந்தால் சாயங்காலத்துக்குள் மாட்டித் தருகிறேன் என்றார். அவர் சொன்ன கூலியோடு சாமான் விலையைச் சேர்த்தாலும் டீலர் விலையில் கால்வாசி வராது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சாவியைக் கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் நீங்கள் சாதாரண மனிதர். முச்சிரி யோசித்து, ஒதெரோவிடமே கேட்டார். டீலர் ஒரு வருடம் உத்தரவாதம் தருகிறான். நீ?

"நான் எங்க பெரியவரே போகப்போறேன்? இதே மரத்தடிதான்" என்றார் ஒதெரோ.

"மரத்த வெட்டிட்டா?"

ஒதெரோ மரத்தை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

அதன் பிறகு முச்சிரி இந்த வகையினரின் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். அங்கே சொன்ன விலையை இங்கேயும், இங்கே சொன்ன விலையை அங்கேயும் சொல்வது. டீலர் கடைப் பெண், "அப்ப அங்கயே போட்டுக்குங்க சார்" என்று இன்னொரு காப்பி கொடுத்தாள். ஒதெரோவோ கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"இந்த வேலைக்கு இவ்வளவா வாங்குறாங்க? நான்தான் இத்தன நாளா ஏமாந்திருக்கேன்" என்று சொல்லி, அந்த இடத்திலேயே கூலியை ஏற்றினார்.

சாமான் கடைத்தெருவில் வேறு கதை. ஒரே புஷ், கம்பெனிப் புதுசு, துபாயிலிருந்து வந்த புதுசு, ஜப்பானில் வேறொரு காரிலிருந்து கழற்றியது என்று மூன்று ஜாதி. முச்சிரி மூன்றையும் மோந்து பார்த்தார். ஏன் மோந்து பார்த்தார் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கடையிலும் மோந்து பார்த்தார்.

இப்படி நகரத்தின் அத்தனை குழிகளிலும் இறங்கி ஏறியதில் வலது சக்கரமும் டொக் டொக் என்று பதில் பேசத் தொடங்கியது. வேறொருவர் இங்கே பயந்திருப்பார். முச்சிரிக்கு வேறு சிக்கல் தெரிந்தது. இதுவரை கேட்ட விலையெல்லாம் ஒரு சத்தம் போட்ட காருக்கு. இது இரண்டு சத்தம் போடும் கார். ஒப்பீடு செல்லாது. முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

"கிதின்ஜி அப்பா, நாளைக்கு சனிக்கிழமை" என்றாள் மனைவி வங்கேஷி.

"விசாரிச்சுட்டுத்தானே இருக்கேன்."

"விசாரிக்கப் போன பெட்ரோல் காசுல நாலு சக்கரத்துக்கும் வேல பாத்திருக்கலாம்."

"காருக்கு முன்னாடிதான் பால் ஜாயிண்ட், வங்கேஷி" என்று பொறுமையாகத் திருத்தினார் முச்சிரி.

சனிக்கிழமை மலையேற்றத்தில் இடது சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. முச்சிரி, வங்கேஷி, கிதின்ஜி, குடும்பத்துக்காகப் பேச வந்த முச்சிரியின் அண்ணன் ஆகிய நால்வரும் நல்ல உடுப்போடு சாலையோரம் நின்றார்கள். முட்டைக்கோஸ் ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றது. டிரைவர் வாடகை சொன்னான். அடுத்த வண்டி என்ன கேட்கிறது பார்ப்போம் என்று முச்சிரி சொல்லி முடிப்பதற்குள் மற்ற மூவரும் முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வாசற்கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து பெண்ணின் அத்தை எட்டிப் பார்த்தார். தாமதத்துக்கு ஒரு கொழுத்த ஆடு அபராதம் என்றார். திருப்பி அனுப்பவில்லையே என்று கிதின்ஜிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜன்னலில் அவனுக்குப் பேசிய பெண் ஞோக்கியின் முகமும் தெளிந்தது. சரி என்று சொல்ல முச்சிரியின் அண்ணன் வாயெடுத்தார்.

முச்சிரி கையை உயர்த்தினார்.

"பக்கத்து மலையில தாமதத்துக்கு என்ன வாங்குறாங்க?"

ஒரு கோழி குறுக்கே ஓடியது.

"அங்கயும் பொண்ணு இருக்கா" என்றார் அத்தை. "நிதானமா விசாரிச்சுட்டு வாங்க. இங்க இப்ப ரெண்டு ஆடு. இன்னொரு தடவ வேற இடத்து விலை இந்த வாயிலருந்து வந்தா, சம்பந்தமும் வேற இடத்துலதான்."

கிதின்ஜி அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முச்சிரி வாயை மூடினார்.

உள்ளே பேச்சு தொடங்கியது. பெண் வீட்டார் தாராளமாக ஓர் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாதியாகக் குறைத்துக் கேட்க வேண்டும், அவர்கள் சண்டை போட வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். அதற்காகத்தானே அந்தச் சபை. ஆனால் அத்தை முச்சிரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்கேஷியின் செருப்பு முச்சிரியின் கால்விரல் மேல் இருந்தது. பயத்தில் அண்ணனும் பேசவில்லை. ஆயுள் முழுவதும் பேரம் பழகிய மனிதர், பேரம் பேசுவதே மரியாதையான ஒரே இடத்தில், முதல் விலைக்குத் தலையாட்டினார். பெண் வீட்டாருக்கே ஏமாற்றம்.

கல்யாணம் நடக்கும். அதில் சந்தேகமில்லை. கார் இன்னும் அந்த ஏற்றத்தில்தான் நிற்கிறது. இழுத்து வரும் வண்டிக்கு முச்சிரி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று கவனித்தீர்களா? டீலர் கேட்ட தொகை எவ்வளவு, ஒதெரோ கேட்டது எவ்வளவு என்று இதில் எங்கேயும் எழுதவில்லை. கவனிக்காதவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். டீலர் வந்த பத்தியிலிருந்தே அந்த இரண்டு எண்களுக்காகக் காத்திருந்தவர்கள் மட்டும், கொஞ்சம் காதைத் தீட்டிக் கேளுங்கள். உங்கள் முன்சக்கரத்தில் ஏதோ டொக் டொக் என்கிறது.