ஆடாத கப்பலில் பதினோரு பேர்

ஒரு பொருளைப் பற்றி நாலு வருடம் ஆராய்ச்சி செய்தவன் அதை நேரில் பார்த்திருப்பான் என்று நம்புவது நம் மக்களின் பெருந்தன்மை. நான் வேகக் கப்பல்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவன். அதுவரை கப்பலில் ஏறியதில்லை. சென்னையில் ஒரு கட்டடத்துக்குள் இருந்த நீளத் தொட்டியில் பொம்மைக் கப்பலைக் கட்டி இழுத்து, மெஷின் வைத்து அலை கிளப்பி, மீதியைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டேன். (நீச்சல் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.)

என் ஆராய்ச்சி இரட்டைக் கப்பல்களைப் பற்றியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒல்லி உடல்கள், மேலே அவற்றை இணைத்து ஒரு தளம். ஒல்லியாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும். அகலமாக நிற்பதால் பக்கவாட்டில் அதிகம் சாயாது. ஒரே ஒரு தொந்தரவு உண்டு. பெரிய அலை நடுவில் இருக்கும் சந்துக்குள் புகுந்து, தளத்தின் அடிவயிற்றில் ஓங்கி அறையும். அந்த அறையைக் கப்பல் எப்படித் தாங்குகிறது என்பதைத்தான் நாலு வருடம் பார்த்தேன்.

என் மாமனாருக்கு அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனி. கல்யாணத்துக்கு வந்தவர்கள் "மாப்ள என்ன வேல பாக்காரு?" என்று கேட்டபோது, மாமா "கப்பல்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்களைப் பந்திக்கு அனுப்பிவிட்டார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அந்த வருடம் தீபாவளி சீசன் முடிந்ததும் கம்பெனி ஆட்களோடு அந்தமான் டூர் என்று முடிவானது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பிளேன் டிக்கெட்ட நான் பாத்துக்கிடுதேன். தீவுக்குத் தீவு போற கப்பல நீங்க பாருங்க மாப்ள. அது உங்க சமாச்சாரம்."

அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பஸ்ஸுல போனாலே எனக்குக் கொமட்டும். கப்பலு ஆடுமா?" என்றார் அத்தை.

"ஆடவே ஆடாது அத்தை. இது இரட்டைக் கப்பல். டீ கிளாஸ் வச்சா அலுங்காது."

என் மனைவி செல்வி மெதுவாகக் கேட்டாள். "நீங்க அதுல போயிருக்கீகளா?"

"அதுக்குத்தான படிச்சிருக்கேன்" என்றேன். (கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி நாலு மாதம்தான் என்பதால் விட்டுவிட்டாள்.)

நாங்கள் நாலு பேர், கம்பெனியில் ஏழு பேர். அந்தமான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் இட்லி, பொங்கல், வடை என்று வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு கப்பலில் ஏறினோம். ஏசி கேபின், மெத்தை இருக்கை. முதல் அரை மணி நேரம் தீவுகளின் மறைவில் கப்பல் வழுக்கிக்கொண்டு போனது. மாமா டீயை முன்னால் வைத்துப் பார்த்தார். அலுங்கவில்லை. "பரவால்லயே மாப்ள" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் எழுந்து நின்று, நடுப்பாதையில் இரட்டைக் கப்பலின் பெருமையைப் பேச ஆரம்பித்தேன். ஃபோர்மேன் கருப்பசாமி அண்ணன் வாயைப் பிளந்து கேட்டார். முன்வரிசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறைவு முடிந்து கப்பல் திறந்த கடலுக்கு வந்ததை நான் கவனிக்கவில்லை. கப்பலின் மூக்கு ஒருமுறை மேலே போனது, இறங்கியது. அடுத்த நொடி எங்கள் காலடியில் டமார் என்று ஒரு வெடி. தரை அதிர்ந்தது, டீ மாமா மடியில் இருந்தது.

பட்டாசு கம்பெனியில் தினமும் காலையில் மாமா சொல்லும் சட்டம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் என்ன ஏதென்று பார்க்காதே, எதையும் எடுக்காதே, வெளியே ஓடு, திரும்ப உள்ளே வராதே. எங்கள் பக்கம் எதிர்பாராத நேரத்தில் கேட்கும் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஏழு பேரும் செருப்பைக்கூடப் போடாமல் ஒரே வரிசையில் கதவை நோக்கி ஓடினார்கள். மாமா அத்தையை ஒரு கையிலும் செல்வியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். மற்ற பயணிகள் இருந்த இடத்திலேயே உறைந்துபோனார்கள்.

கதவுக்கு வெளியே கடல்தான் இருக்கிறது என்று கப்பல் சிப்பந்தி கையை விரித்து மறித்துக்கொண்டு சொன்னார். மாமா காதில் விழவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எட்டு, ஒம்பது, என்னோட பத்து. மாப்ள எங்கன?"

நான் நடுப்பாதையில் ஒரு இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "பயப்படாதீக. இது அலை அடிக்குற சத்தம். தகடு தாங்கும். கணக்குப் போட்டிருக்கு" என்று சொல்ல நினைத்தேன். இரண்டாவது டமார். "பயப்" வரைக்கும் வந்தது. அதற்குமேல் வாயைத் திறந்தால் வேறு ஏதோ வரும் என்று தெரிந்தது.

அப்போது மாமா திரும்பி வந்தார். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் திரும்ப உள்ளே போகாதே என்று சொன்ன மனிதர், எனக்காக, டீ ஊறிய வேட்டியோடு, ஆடும் தரையில் இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்து என் தோளைப் பற்றினார்.

"வாங்க மாப்ள, வெளிய போயிருவம்."

நான் நன்றியோடு அவரை நிமிர்ந்து பார்த்தேன். காலைச் சாப்பாடு மொத்தமும் அவர் சட்டைமேல் போனது.

கதவருகே அத்தையின் குரல் கேட்டது. "இருக்கன்குடித் தாயே, எல்லாரையும் கரை சேத்துரு. மாப்ளைக்குக் கொஞ்சம் புத்தியக் குடு." (பஸ்ஸிலேயே குமட்டும் அத்தைக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை.)

கேப்டன் வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான், வெடிச்சத்தம் நின்றுவிட்டது. கப்பல் சாதுவாக நகர்ந்தது. செல்வி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். மாமா சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெதுவாப் போனாச் சத்தம் வராதா மாப்ள?"

"வராது மாமா."

"இம்புட்டுத்தானா? இதுக்கா நாலு வருசம்?"

என் ஆய்வின் முடிவுரை அதையேதான் முக்கால் பக்கத்துக்குச் சொல்கிறது என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் ஊர் திரும்பியபின் யாராவது மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டால், மாமா "கப்பல்" என்பதோடு நிறுத்துவதில்லை. ஆளை உட்காரவைத்து, அரை மணி நேரம் நடித்தே காட்டுவார். அடுத்த சீசனில் ஒரு புது ரகமும் போட்டார். பெட்டியில் இரட்டைக் கப்பல் படம், பெயர் 'மாப்ள கப்பல்'. பற்றவைத்தால் முதலில் சத்தமில்லாமல் சுற்றும், நடுவில் இரண்டு வெடி, கடைசியில் மஞ்சளாகப் பொங்கும்.

கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் அதைச் சோதித்துப் பார்த்த அன்று நானும் இருந்தேன். மஞ்சள் பூ ஆளுயரத்துக்குப் பொங்கி அடங்கியது. கருப்பசாமி அண்ணன் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

மாமா தலையை ஆட்டினார். "பத்தாதுலே. அன்னைக்கு இதவிட ஒசரம் வந்துச்சு."