கேட் அத்தையின் விசில்

ராஜபாளையத்தில் மனிதர்களின் பாவங்களை டோக்கன் போட்டு வாங்கி வைத்த ஒரே ஆள் எங்கள் கேட் அத்தைதான். வேறு ஊரில் இப்படி யாராவது இருந்தால் அவரும் நூற்பாலை வாசலில் வேலை பார்த்தவராகத்தான் இருப்பார்.

அத்தை இருபத்தைந்து வருஷம் ஒரு நூற்பாலையின் கேட்டில் செக்யூரிட்டி. பஞ்சுக்கும் நெருப்புக்கும் ஆகாது. அதனால் உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நம்பர் அடித்த பித்தளை டோக்கனைக் கையில் கொடுப்பார். ஓய்வு பெற்றபோது பழைய டோக்கன்களைக் கேட்டு வாங்கி வந்தார். விசிலைக் கேட்காமலே கொண்டு வந்தார். அதன் பிறகு எங்கள் தெருவில் தினமும் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் விசில். உள்ளே போகவும் ஆள் இல்லை, வெளியே வரவும் ஆள் இல்லை. அத்தை ஊதுவார்.

எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் ஆளுக்கொரு பழைய பழக்கத்தை விடவேண்டும். விடுவோம். ஈஸ்டர் மதியம் பிரியாணி வேகும் முன்பே, விட்டுவந்த பழைய மனுஷன் வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான். பல வருஷம் இதைப் பார்த்துப் பொறுக்காத அத்தை, அந்த நாற்பது நாள் தொடங்கும் ஒரு சாம்பல் புதன்கிழமை ஆராதனை முடிந்ததும் தகரப் பெட்டியோடு கோயில் வாசலை மறித்து நின்றார்.

"வாயால விட்டா விட்டதாயிருமா? மடியில தீப்பெட்டிய வச்சிக்கிட்டு, பீடிய விட்டுட்டேன்னு எம்புட்டுப் பேரு எங்கிட்ட சொல்லிருக்கானுவ. பொருளக் கொண்டாங்க."

முதலில் வந்த போதகர், தான் கோபத்தை விடுவதாகச் சொன்னார்.

"உங்களுக்கு வண்டியில ஏறுனாத்தான் கோவம் வருது. தென்காசி ரோட்டுல லாரிக்காரன நீங்க பேசுனத நான் கேட்டேன். சாவியக் கொடுங்க ஐயா."

போதகருக்குக் கோபம் வரப் பார்த்தது. சாவியைக் கொடுத்துவிட்டார். டோக்கன் நம்பர் ஒன்று. நாற்பது நாளும் சபையாரின் வீடுகளுக்கு நடந்தே போய்வந்ததில் அவருடைய அங்கி தொளதொளத்துப் போனது.

பாடகர் குழு ஸ்டெல்லா அக்கா புறணி பேசுவதை விடுவதாகச் சொல்லிவிட்டு, "இத எப்படி அத்தை பெட்டியில போடுவீங்க?" என்று சிரித்தார்.

"சாயங்காலம் வாசல்ல போட்டு உக்காருவியே, அந்த ஸ்டூலத் தூக்கிட்டு வா."

என் முறை வந்தது. கவலையை விடுகிறேன் என்றேன். கேட்பதற்கு மரியாதையாக இருக்கும் என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் அத்தை என் கைப்பைக்குள் கைவிட்டுத் தெர்மாமீட்டரை எடுத்துவிட்டார். மகளுக்கு அப்போது பதினோரு மாதம். ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் அக்குளில் வைத்துப் பார்ப்பேன். பார்த்தது சரிதானா என்று மறுபடி பார்ப்பேன். கருவி சரிதானா என்று எனக்கும் வைத்துப் பார்ப்பேன்.

"அத்தை, அது மருந்துச் சாமான் மாதிரி."

"பீடிக்காரனும் வயித்து வலிக்குன்னுதான் சொன்னான்."

டோக்கன் பதினேழு. எனக்கு அழுகை முட்டியது. அதே வேகத்தில் கேட்டுவிட்டேன்: "நீங்க எத விடுதீங்க?"

அத்தையின் கை கழுத்துக்குப் போனது. பிறகு விசிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "எம் பொருள நானே பெட்டியில வச்சிப் பூட்டுனா அது செக்கிங் இல்ல. நீ வச்சிக்க."

மறுநாள் தெரு ஆறரைக்குத்தான் எழுந்தது. இரண்டு பிள்ளைகள் ஸ்கூல் வேனைக் கோட்டைவிட்டார்கள். சரியாக ஆறு மணிக்கு அத்தை வாசலுக்கு வந்து, வெறும் கழுத்தைத் தடவிவிட்டு உள்ளே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாங்கியிருக்கக் கூடாதோ என்று இருந்தது. என் கதையும் அதேதான். தெர்மாமீட்டர் போனபின் டோக்கனை இருபது தடவை எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம். கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலையில் இருந்தார். தூங்கி எழுந்த மகளின் கழுத்தைத் தொட்டேன். கொதித்தது. கைப்பைக்குள் கைவிட்டால் டோக்கன்தான் வந்தது. அத்தைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் போனையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார், மில் வழக்கம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே விசிலை எடுத்து ஊதிவிட்டேன்.

நான்கு வீடு தள்ளியிருந்த அத்தை, கையில் ஒட்டிய ரசஞ்சோற்றோடு, செருப்பில்லாமல் ஓடிவந்தார். இடது கையை மகளின் கழுத்திலும் வயிற்றிலும் வைத்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, பங்குனி வெயில்ல புள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டு, குல்லா மாட்டி, ஜன்னல வேற சாத்திருக்க. அவிச்சு எடுக்கியா?"

"ஃபேன் காத்து ஆகாதோன்னு..."

ஸ்வெட்டரைக் கழற்றினோம். ஜன்னலைத் திறந்தோம். மகள் அத்தையின் கையிலிருந்த சோற்றைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை தன் இடுப்புச் செருகலிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். என் தெர்மாமீட்டர்.

"பெட்டியில இல்லையா அத்தை?"

"இத மட்டும் பெட்டியில வைக்கல. புள்ள சமாச்சாரம்லா."

பார்த்தேன். காய்ச்சல் இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று நினைப்பதற்குள் அது மறுபடி அவர் இடுப்புக்குப் போய்விட்டது.

ஈஸ்டர் காலை டோக்கன்களோடு வரிசையில் நின்றோம். சாவி கைக்கு வந்ததும் போதகர் கோயில் வாசலிலேயே ஹாரன் அடித்தார். ஸ்டெல்லா அக்கா ஸ்டூலைக் கேட்கவே இல்லை. எல்லோரும் அதிசயப்பட்டோம். அதற்குள் அவர் சாய்வு நாற்காலி வாங்கியிருந்தார். எனக்குத் தெர்மாமீட்டர் வந்தது. நான் விசிலை நீட்டினேன். அத்தை அதைப் பார்த்தார். கை நீளவில்லை.

"உங்கிட்டயே இருக்கட்டும். ஆறு மணிக்கு எந்திரிச்சு யாருக்குக் கேட்டத் தொறக்கப் போறேன்? உனக்கு வேணும்னா ஊது, வாரேன்."

அந்த வருஷம் எங்கள் சபையில் உண்மையாகவே ஒன்றை விட்டவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். விசில் என் கைப்பையில், தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. என் மகளுக்கு உடம்பு சுடும்போது அதை வாய்வரை கொண்டுபோவேன், ஊதமாட்டேன். அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரியும். ஆனாலும், கேட்டுவிட்டு அத்தை சோற்றுக் கையோடு பஸ் ஏறிவிட்டால் என்ன செய்வது?