நூற்றைந்து வீதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 'கல்வி எதிர்வுகூறல் அலகு' என்பதைக் கண்டுபிடித்தது. பிள்ளைகள் பரீட்சை எழுதினால்தான் பெறுபேறு தெரியும் என்ற அவல நிலை அன்றோடு ஒழிந்தது.

அலகின் தலைவர் ரஜீவன். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி பெற்று, சான்றிதழும் தோள்பையுமாகத் திரும்பிய மேதை. அவர் கூட்டிய முதற் கூட்டத்துக்குக் கணித ஆசிரியை யோகமலரும், அவளுடைய பாடசாலை அதிபர் ஸைனுலாப்தீனும் போயிருந்தார்கள். பலகையில் இரண்டு புள்ளிகள் இருந்தன. முதலாம் ஆண்டு அவர்களுடைய பாடசாலையில் ஓ.எல். பொதுப் பரீட்சையில் கணிதச் சித்தி நாற்பத்தைந்து வீதம், இரண்டாம் ஆண்டு எழுபத்தைந்து. ரஜீவன் அடிமட்டத்தை வைத்து இரண்டையும் இணைத்தார். வந்த வேகத்தில் கோடு பலகையைத் தாண்டிச் சுவரிலும் கொஞ்சம் ஏறியது.

"படித்திறன் முப்பது. வெட்டுத்துண்டு பதினைந்து. y சமன் 30x சக 15. அப்ப மூண்டாம் வருசம்?"

யோகமலர் பதினெட்டு வருடமாக இதையே படிப்பிப்பவள். வாய் தன்பாட்டில் விடை சொல்லிவிட்டது. "நூற்றைந்து."

"பாத்தீங்களா, டீச்சரே ஒத்துக்கொண்டிட்டா!"

எல்லோரும் கைதட்டினார்கள். 'ஆசிரியை இலக்கை மனமுவந்து ஏற்றார்' என்று கூட்டக் குறிப்பில் பதியப்பட்டது.

"சேர், நூறு பேர் எழுதி நூற்றைஞ்சு பேர் எப்பிடிப் பாஸ் பண்ணுறது?"

"அது நடைமுறைப் பிரச்சினை டீச்சர். நான் கதைக்கிறது கணிதம்."

"ரெண்டே ரெண்டு புள்ளியை வைச்சு…"

"ரெண்டு புள்ளிக்கு ஊடாக ஒரேயொரு நேர்கோடுதான் போகும். பாடப்புத்தகத்தில இருக்கு. நீங்கள் பாடப்புத்தகத்தை எதிர்க்கிறீங்களோ?"

எதிர்க்கவில்லை என்று அவள் எழுத்தில் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த வாரமே ஒரு கடிதம். கோட்டைப் பின்பக்கமாக நீட்டிப் பார்த்ததில், முதலாம் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முன்னர் பாடசாலையின் சித்தி மறை பதினைந்து வீதம் எனத் தெரியவந்துள்ளதாம், காரணம் கேட்டிருந்தார்கள். அந்த ஆண்டின் உண்மையான பெறுபேறு கோப்பில் பத்திரமாக இருந்தது. ஆனால் கோப்பு கோட்டில் இல்லையே! அதிபர் 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவித்துப் பதில் எழுதினார்.

பிறகு யோகமலரைக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார்.

"டீச்சர், இந்த வருசம் எழுத முப்பத்திநாலு புள்ளைகள். கோட்டுக்குக் கீழ நிக்கிறவங்கள தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதச் சொல்லுங்க. நாம அனுப்பாட்டி நம்மட கணக்கில வராது."

"அது பாவம் சேர்."

"இல்லாட்டி ஒங்களுக்கும் எனக்கும் இடமாற்றம்."

இரண்டு பஸ் மாறிப் போகும் ஏதோவொரு பாடசாலை யோகமலரின் கண்முன் வந்துபோனது. அவள் வகுப்புப் பட்டியலை எடுத்தாள். தவணைப் பரீட்சையில் நாற்பதுக்குக் குறைந்த பதினான்கு பெயர்களை வெட்டினாள். வெட்டப்பட்டவர்களுக்கு, ரஜீவனின் அலகு அனுப்பிய சுற்றறிக்கை அழகான பெயர் வைத்திருந்தது: 'சுயமாக வலுவூட்டப்படும் மாணவர்கள்'.

பதினான்காவது பெயர் நிருசா. முப்பத்தெட்டுப் புள்ளி. தகப்பனுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை. அவளுக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. அதற்குக் கணிதம் சித்தியடைந்தே ஆகவேண்டும். ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நேர்கோடெல்லாம் எனக்கு நல்லா விளங்குது. பின்னம்தான் கொஞ்சம் இடிக்குது. இன்னும் மூண்டு மாசம் கிடக்குத்தானே? என்னை எடுத்துவிடாதேங்கோ."

"உன்ரை நன்மைக்குத்தான் பிள்ளை."

சொல்லும்போது யோகமலருக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் சொல்லிவிட்டாள். அந்த வசனமும் சுற்றறிக்கையில் இருந்ததுதான்.

பரீட்சை வந்தது. பாடசாலை அனுப்பிய இருபது பேர் எழுதினார்கள், இருபது பேரும் சித்தி. ஊரெல்லாம் பட்டாசு. ரஜீவனின் முகம் மட்டும் இருண்டு கிடந்தது.

"நூறுதான் வந்திருக்கு. மிச்சம் அஞ்சு வீதம் எங்க டீச்சர்?"

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெட்டப்பட்ட பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் பரீட்சைப் பக்கமே போகவில்லை. விண்ணப்பப் படிவம் எங்கே எடுப்பது என்றுகூட அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிருசா மட்டும் நாலு இடம் அலைந்து படிவம் எடுத்து, முன்பின் தெரியாத மண்டபத்தில் தனியே இருந்து எழுதி, கணிதத்தில் சித்தியடைந்துவிட்டாள்.

ரஜீவன் கல்குலேட்டரைத் தட்டினார். அவர் கண் கலங்கியது.

"நிருசாவும் எங்கட பிள்ளைதானே! அப்ப பாஸ் பண்ணினது இருபத்தொண்டு. எழுதினது இருபது. நூற்றைந்து வீதம்! டீச்சர், சமன்பாடு பொய் சொல்லாது!"

"அப்பிடியெண்டால் எழுதினதும் இருபத்தொண்டுதானே சேர்?"

"என்ன டீச்சர் கதைக்கிறீங்கள்? அவ எழுதினது தனிப்பட்டது. பாஸ் பண்ணினது பொது."

கணித வரலாற்றில் இதற்கு நிகரான தெளிவு அரிது. நகர மண்டபத்தில் விழா எடுத்தார்கள். நிருசாவை மேடையில் ஏற்றிப் பூச்செண்டு கொடுத்து, ஒலிவாங்கியையும் நீட்டினார்கள். நன்றி சொல்வாள் என்றுதான் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"மற்றப் பதின்மூண்டு பேரையும் கூப்பிடேல்லையோ சேர்?"

ரஜீவன் ஒலிவாங்கியை மெல்ல வாங்கிக்கொண்டார். "பாருங்கோ, எவ்வளவு நல்ல மனசு!" என்றார். மண்டபம் கைதட்டியது.

கேடயம் யோகமலருக்கு. நல்ல பெரிய கேடயம். நடுவில் பொன்னெழுத்தில் அவளுடைய பெயர், அதற்குக் கீழே நிறைய வெற்றிடம். பதின்மூன்று பெயர் தாராளமாக எழுதலாம். ஒவ்வொரு பெயரும் அவளுக்கு நினைவிருந்தது. தன் கையாலேயே வெட்டிய பெயர்கள் அல்லவா.